எட்டு நிமிஷத்தில் வரும் வண்டி

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் இருந்தவர்கள்: நீ, உன் வீட்டுக்காரி, மகள் வாண்டு, நான், என் வீட்டுக்காரர், சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போன ரயில்வே கேட் கீப்பர். ஆக ஆறு பேர். வந்தவர்களை நோட்டில் எழுதிவைக்கும் என் பழக்கத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்த நோட்டில் நீ வந்ததாகப் பதினான்கு மாதமாக ஒரு வரி இல்லை. இப்போது இருக்கிறது. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன தடவை நீ ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நின்று, பொறுமை போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாய். இங்கே நாங்கள் மூன்று மணி வரை சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்று காலையிலிருந்தே வேண்டிக்கொண்டிருந்தேன். நல்லபடியாக வந்து சேர்ந்தாய்.

அது சரி, நேரே வீட்டுக்கு வராமல் தெருமுனைத் தீயணைப்பு நிலையம் வரை ஜீப்பில் போய்விட்டு, பிறகு ஏன் திரும்பி வந்தாய்? இறங்கும்போதே, "எட்டு நிமிஷம்க்கா! கரெக்டா எட்டு!" என்று ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டினாயே! இவர் உள்ளே வந்து, "உன் தம்பி யாரு கூட பந்தயம் ஓடுறான்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுது.

வாண்டுவின் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதே. இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வாண்டுவின் இருமல் நின்றுவிட்டது. அத்தை வீட்டுக்கு மறுபடி எப்போது என்று தினமும் கேட்கிறாள். மாமாவிடம் முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம் என்று சொல்.

பந்தயமெல்லாம் இல்லை. உங்கள் ஊரும் எங்கள் ஊரும் நடுவில் ஒரு தண்டவாளத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டிரண்டாக நடத்துகின்றன. இரண்டு தீயணைப்பு நிலையம். தீ என்று வரும் போனை எடுக்க இரண்டு அறை. ஆனால் நான்காவது மாடிக்கு எட்டும் ஏணி வண்டி இரண்டு பக்கமும் கிடையாது. இரண்டு நகராட்சியும் சேர்ந்து ஒரே நிலையமாக நடத்தினால் அந்த ஏணி வண்டியை வாங்கலாம், ஆட்களுக்கு நல்ல பயிற்சி கொடுக்கலாம். இதுதான் திட்டம். அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

பெரிய நிலையம் எங்கள் பக்கத்தில் இருக்கும். உங்கள் தெருமுனை நிலையத்தை மூடிவிடுவார்கள். நீ பயப்பட வேண்டாம். எங்கள் வாசலில் கிளம்பும் வண்டி பத்து நிமிடத்துக்குள் உங்கள் நிலையத்து வாசலைத் தொட வேண்டும் என்பது விதி. எட்டு நிமிடத்தில் தொடும். அன்று அளந்தது அதைத்தான். எங்கள் ஆபீஸ் பெரிய பொறியாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, "குறை சொல்ல இடமே வைக்கலையேப்பா" என்றார். பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

அன்புள்ள தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெரிய பொறியாளர் நல்ல வார்த்தை சொன்னதற்கு என் சார்பில் ஒரு பிரார்த்தனை செய்தேன், அவருடைய வாய்க்கும் சேர்த்து.

உன் அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கட்டும் என்று எங்கள் நூலகத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு மதியம் போய் உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாய். பெருமையாக இருந்தது. நூலகரிடம், "இது எழுதினவன் என் தம்பி" என்று சொல்லியும்விட்டேன்.

ஆனால் பதினோராம் பக்கத்தில் ஒரு விஷயம். மூன்று ஓட்டம் என்று போட்டிருக்கிறாய். ஒன்று எட்டு நிமிஷம், இன்னொன்று எட்டு, மூன்றாவது ஒன்பது. முதல் ஓட்டம் நீ வந்த ஞாயிறு. மற்ற இரண்டுக்கும் எப்போது வந்தாய்? என் தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை வந்துவிட்டு, எட்டு வீடு தள்ளியிருக்கிற அக்காவை எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறாய்! தண்ணீர் கூடக் குடிக்காமல்! இவர், "விடு, ஆபீஸ் வேலையா வந்தவன் எப்படி வருவான்" என்கிறார். என் மனசு ஆறவில்லை. அடுத்த முறை ஜீப்பை நிறுத்தாவிட்டாலும் வேகத்தைக் குறைத்துக் கையையாவது காட்டு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றினாயா?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தலையணையை மாற்றிவிட்டேன். கழுத்து பரவாயில்லை.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். அந்த இரண்டு ஓட்டத்திலும் மேலதிகாரிகள் கூட இருந்தார்கள். அதனால் இறங்க முடியவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மேலதிகாரி பக்கத்தில் இருந்தால் தண்ணீர் தாகம் கூட அனுமதி கேட்டுத்தான் வரும் என்று எனக்கும் தெரியும்.

காலையில் பால் வாங்கும் இடத்தில் இப்போது உன் பேச்சுதான். பஞ்சு மெத்தைக் கடைக்காரர் மனைவி, பாவம், நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவள், எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"உங்க தம்பிதானாமே நம்ம ஸ்டேஷனை இழுத்து மூடுறது?"

"மூடல. ரெண்டையும் ஒண்ணா சேர்க்கிறான்" என்றேன்.

"சேர்க்கிறவரு நடுவுல கிடக்கிற தண்டவாளத்தை என்ன செய்யப் போறாராம்? சுருட்டி வச்சுக்குவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் என்னிடம் இன்னொரு நோட்டு இருக்கிறது. உனக்கு அது தெரியாது.

இவர் வேலை செய்யும் லாரி எடைமேடை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மதியச் சாப்பாட்டைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேட் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்று எழுத ஆரம்பித்தேன். வீடு கேட்டிலிருந்து மூன்றாவது என்பதால் ரயில் வருகிறது என்று சொல்ல கேட் கீப்பர் அறையில் போன் மணி அடிப்பது கூட அடுப்படிக்குக் கேட்கும். ஆரம்பத்தில் வீட்டில் கடிகாரம் இல்லை. கேட் இறங்கியதும் என் பிரார்த்தனையைத் தொடங்குவேன். சின்ன வண்டி என்றால் ஏழு தடவை சொல்லி முடிப்பதற்குள் கேட் ஏறிவிடும். சரக்கு வண்டி என்றால் முப்பது தடவை. பிறகு கடிகாரம் வந்தது. பதினோரு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். சராசரி எடுப்பதை நீ விட்டுப்போன எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில் கேட் 589 தடவை இறங்கியது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் மூடியிருந்தது 96 தடவை. அதிகபட்சம் இருபத்தேழு நிமிஷம்.

உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். உன் மூன்று ஓட்டத்திலும் கேட் திறந்தே இருந்ததா? அது கடவுள் செயல்தான். ஆனால் தீப்பிடிக்கிற எல்லா நேரத்திலும் கடவுளையே கேட்டில் நிற்கச் சொல்ல முடியுமா?

வாண்டுவுக்கு என் முத்தம். எல்லோர் உடம்பையும் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

கேட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. "மூன்று ஓட்டங்களிலும் கேட்டினால் தாமதம் ஏற்படவில்லை." அது போதும் என்று மேலே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சில வருடத்தில் மேம்பாலம் வரும் என்றும் பேச்சு இருக்கிறது. நீ பால் வாங்கும் இடத்தில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்த நோட்டை யாரிடமும் காட்டாதே, அக்கா. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. ஜூலையில் கருத்துக் கேட்புக் கூட்டம். அது முடியும்வரை பொறு.

தம்பி

*

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நீ யாருடைய உடம்பையும் விசாரிக்கவில்லை. அவசரம் என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் நலம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதைப் படிக்கும்போது நீ பயந்துவிடக்கூடாது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு மெத்தைக் கடையில் தீப்பிடித்தது. பஞ்சு. கண்மூடித் திறப்பதற்குள் கீழ்க்கடை முழுக்கப் பரவிவிட்டது. மாடியில் மெத்தைக்காரர் மனைவி, பிள்ளை பெற்று இருபது நாள், பிள்ளையோடு படுத்திருந்தாள். படியில் புகை. தெருமுனை வண்டி நாலு நிமிஷத்தில் வந்தது. சாதாரண ஏணியைச் சன்னலில் சாய்த்து, முதலில் பிள்ளையை, பிறகு அவளை இறக்கினார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியவர் நிலைய அதிகாரி. வாங்கியதும் அவர் சொன்னது: "யப்பா, புகையை விட இது பெருசா கத்துது." இரண்டு பேரும் சுகம். கடைதான் போய்விட்டது.

நடந்தது இது மட்டும் என்றால் உனக்கு ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டிருப்பேன்.

துணைக்கு உங்கள் பக்கத்து வண்டியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அது வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. சரக்கு வண்டி ஒன்று சிக்னல் கிடைக்காமல் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் சிவப்பு வண்டி தெரிந்தது. மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் வண்டிக் கூரை மேல் ஏறி நின்று, எங்கள் பக்கத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வார்? நான் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தேன். கேட் இறங்கியது 2.36. ஏறியது 2.58. அவர்கள் வந்து சேர்ந்தபோது எங்கள் நிலையத்து ஆட்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி, இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

நீ வந்த ஞாயிறு காலையில் நான் கேட் கீப்பரிடம் போய், "அண்ணே, என் தம்பி பதினோரு மணி சுமாருக்கு வர்றான். வெள்ளை ஜீப்பு. கேட்டுல மாட்டினா போன தடவை மாதிரி திரும்பிப் போயிடுவான். கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கேட்டேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு அவர் அறையில் போன் மணி அடித்தது. மணி அடித்தவுடன் கேட்டை இறக்க வேண்டும். அவர் இறக்கவில்லை. உன் ஜீப் பத்து ஐம்பத்தைந்துக்குத் தாண்டியது. அதன் பிறகுதான் இறக்கினார். மறுபடி ஏற்றியது பதினொன்று ஒன்பதுக்கு. எல்லாம் என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. நான் கேட்காமல் இருந்திருந்தால் நீ பதினாலு நிமிஷம் நின்றிருப்பாய். உன் எட்டு இருபத்திரண்டாகியிருக்கும்.

நீ அளக்க வருகிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குச் சூடாகச் சாப்பாடு போடவேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். ஆனால் அந்த எட்டு, நான் கேட்டு வாங்கின எட்டு. அதை வைத்து ஒரு நிலையத்தை மூடப்போகிறார்கள்.

உனக்கு எழுதுமுன் கேட் கீப்பரிடம் சொன்னேன். அவர் பாதிக்கப்படுவாரே! "எழுதுங்கம்மா" என்றார். "வேலை போனா போகட்டும்னு சொல்ல நான் ஒண்ணும் பெரிய தியாகி இல்ல. வேலை போச்சுன்னா என் வீட்டுக்காரி எனக்கே கேட்டை இறக்கிடுவா. ஆனா அன்னைக்கு அந்த வண்டி அந்தப் பக்கம் நின்னு மணி அடிச்சப்ப, நெஞ்சு அடிச்சது எனக்குத்தான் தெரியும்."

தப்பு என்னுடையது. நீ தெரியாமல் எழுதிவிட்டாய். இனி என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். இவருக்கு முழங்கால் மறுபடி வீங்கி, இப்போது வடிந்துவிட்டது. வாண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பாள். புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்றா?

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

அக்கா

*

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உனக்குத் தலைசுற்றல் ஏதும் வருகிறதா? வாண்டுவின் புத்தகங்களுக்கு நேற்றுத்தான் அட்டை போட்டேன். இந்த மூன்றையும் எழுதவே எனக்கு ஆறு வாரம் ஆகியிருக்கிறது.

உன் மே மாதக் கடிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். என் வீட்டுக்காரி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணிக்குப் பதில் எழுத வேண்டியது நீங்க. டிராயருக்கு எழுதத் தெரியாது."

அக்கா, நீ மறைத்தது மூன்று நிமிடம். நான் மறைத்தது அதைவிடப் பெரியது.

ஓட்டம் மூன்று இல்லை, ஒன்றுதான். உன் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஓட்டம். திங்கட்கிழமை அறிக்கை மேசையில் இருக்க வேண்டும் என்றார்கள். அளக்க வேண்டிய மற்ற இரண்டு நாளும் ஜீப் கிடைக்கவில்லை. ஒன்றை மூன்றாக எழுதினேன். மூன்றும் எட்டாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று ஒன்றை ஒன்பதாக்கினேன். மேலதிகாரிகள் கூட இருந்ததாக உனக்கு எழுதியதும் பொய். அப்போது நான் உன் வீட்டைத் தாண்டிப் போகவே இல்லை, அக்கா. அந்த வருத்தத்தையாவது விட்டுவிடு.

கேட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? இருபது நிமிடம் நின்று திரும்பிப் போனவன் நான்தான். அந்த ஒரு வரியை எழுதும்போது அது நன்றாகவே நினைவுக்கு வந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

தீ விபத்துக்கு மறுநாள், அன்று கேட்டில் நின்ற வண்டியின் ஓட்டுநர் என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என் சட்டைப் பையைக் காட்டி, "சார், எட்டு நிமிஷம்னு எழுதின பேனா இதுதானா? சும்மா பாக்கணும்னு தோணுச்சு" என்றார். அப்படியே போய்விட்டார். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த மாதம் அவரையே ஓட்டச் சொல்லி, நிஜமான தீயணைப்பு வண்டியில், மூன்று வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் போய்ப் பார்த்தேன். ஒன்பது, இருபத்தாறு, பதினேழு. ஒவ்வொரு தடவையும் உன் வாசலைத் தாண்டினேன். ஒரு நாள் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். கையைக் காட்ட முடியவில்லை.

ஜூலை பத்தாம் தேதி கூட்டத்தில் நானே எழுந்து சொல்லப்போகிறேன். உன் நோட்டிலிருந்து மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்தையும் நகல் எடுத்து அனுப்பு. பிப்ரவரி வேண்டாம். நீ கூட்டத்துக்கு வர வேண்டாம்.

தம்பி

*

ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

வியாழக்கிழமை கூட்டத்தில் இருந்தவர்கள்: மேடையில் இரண்டு நகராட்சித் தலைவர்கள், உன் பெரிய பொறியாளர், குறிப்பெடுக்கும் அம்மாள். கீழே எங்கள் நிலைய அதிகாரி, அவருடைய ஆட்கள் ஏழு பேர், உங்கள் பக்கத்து வண்டி ஓட்டுநர், மெத்தைக்காரர், மடியில் பிள்ளையோடு அவர் மனைவி, நூலகர், பால் வாங்கும் இடத்துப் பெண்கள் ஒன்பது பேர். கடைசிக்கு முந்தின வரிசையில் நான். வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். வந்தேன். நகல் அனுப்பிய மூன்று மாதத்தையும் தவிர, பிப்ரவரியும் சேர்ந்த முழு நோட்டும் என் பையில் இருந்தது. "பிப்ரவரி வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தையைப் பல தடவை படித்திருந்தேன். நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குப் புரிந்திருந்தது. நீ தடுமாறினால் நான் எழுந்துவிடுவது என்று முடிவு செய்துதான் வந்தேன்.

நீ தடுமாறவில்லை. "அறிக்கையில் மூன்று ஓட்டம் என்று இருக்கிறது. ஓட்டம் ஒன்றுதான். மற்ற இரண்டும் நான் எழுதிக்கொண்டவை" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தாய். பால் வாங்கும் கூட்டத்திலிருந்து ஒருத்தி, "எட்டு நிமிஷத்துல வந்துடுவோம்னு எழுதினவரு இவருதானா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

"ஆமாங்க. நான்தான்" என்றாய்.

 பெரிய பொறியாளர் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நீ புது ஓட்டம் மூன்றையும் சொன்னாய், கேட் கணக்கையும் சொன்னாய். "இது கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் பதினோரு வருடமாக எழுதிவரும் குறிப்பு" என்றாய். ஒருவர்! கூடப் பிறந்தவளை ஒருவர் என்று சொல்ல உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று உன் குரலிலேயே தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட் ஏன் திறந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நீ எல்லாவற்றையும் உன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

நான் எழுந்திருக்கவில்லை. அதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். நான் வாய் திறந்தால் கேட் கீப்பரின் வேலை போகும் என்பது உண்மை. எனக்குப் பயமாகவும் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் கடவுள் முன்னால் சொல்லிவிட்டேன்.

நீ பக்கத்துக் கதவு வழியாகப் போன பிறகு நடந்ததை உனக்கு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. இரண்டு தலைவர்களும் சண்டை போட்டுக்கொள்ளாமலேயே பேசினார்கள். நிலையம் இரண்டும் இரண்டு பக்கமும் இருக்கும். போன் எடுக்கும் அறை ஒன்றாகும். பயிற்சி ஒன்றாகும். ஏணி வண்டியைச் சேர்ந்து வாங்கி உங்கள் பக்கம் நிறுத்துவார்கள். கேட் மூடியிருக்கும் நேரம் போன் அறையில் தெரிகிற மாதிரி கேட்டிலிருந்து ஒரு தனி இணைப்பும் கேட்டிருக்கிறார்கள். நீ முதலில் சொன்ன திட்டத்தில் நல்லது எல்லாம் அப்படியே இருக்கிறது, தம்பி. எட்டு நிமிஷம் மட்டும்தான் இல்லை. மெத்தைக்காரர் மனைவி வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "தண்டவாளத்தைச் சுருட்டாமலே சேர்த்துட்டாரே உங்க தம்பி" என்றாள். பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்திரம் கேட் கீப்பர் வாசலுக்கு வந்தார். "உங்க தம்பி கேட்டைப் பத்தி என்ன சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அடிக்கடி மூடியிருக்குன்னு சொன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

 ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயர் இப்போது இல்லை என்றும், திட்டப் பிரிவிலிருந்து பழைய வரைபடங்கள் வைக்கும் அறைக்கு உன்னை மாற்றிவிட்டார்கள் என்றும் உன் வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள். நீ எனக்கு எழுதவில்லை. எழுதினால் நான் அழுவேன் என்று நினைத்திருப்பாய். கொஞ்சம் அழுதேன். பிறகு எழுந்து சமைத்தேன். அந்த அறையில் சன்னல் இருக்கிறதா? கழுத்து நோகாமல் இருக்க வெளிச்சம் இடது பக்கமாக வருகிற மாதிரி மேசையைப் போட்டுக்கொள்.

பேசி முடித்து நீ கிளம்பிய நேரத்தில் கேட் திறந்துதான் இருந்தது. கேட் கீப்பரைக் கேட்டு என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மண்டபத்திலிருந்து உங்கள் ஊருக்குப் போகிற வழி என் வாசலைத் தாண்டித்தான். நீ நிற்கவில்லை. அதற்குக் காரணம் கேட்கப்போவதில்லை. ஆனால் வந்தவர்களை எழுதும் நோட்டில் பிப்ரவரிக்குப் பிறகு நீ வரவில்லை, அதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். பத்து ஐம்பத்திரண்டுக்கு மணி அடிக்கும். இந்த முறை கேட் கீப்பரிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மூடியிருந்தால் வண்டியை நிறுத்தி நில். திரும்பிப் போகாதே. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் வந்து நிற்கிறேன்.

எந்த ஞாயிறு என்று சீக்கிரம் பதில் போடு.

அக்கா